ஏழாவது வரி

கண் சோதனைத் தாளில் கடைசியான ஏழாவது வரியையும் கருத்தம்மாள் கடகடவென்று படித்து முடித்தாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

மெர்லினுக்குச் சந்தோஷம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது.

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் இதே கருத்தம்மாள்தான், சோதனை அறைக்குள் நுழைந்ததும் ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டைப் பார்த்து, "கும்புடுறேன் டாக்டரய்யா" என்று கையெடுத்தாள். எடுத்த கையில் இரண்டு விரலுக்குத் துணிக்கட்டு வேறு.

"வெரல்ல என்னக்கா?"

"தெராச்சக் கொத்துல பிஞ்சு வெட்டையில கத்திரி பட்டுருச்சு. அது கெடக்கு."

"கண்ணு சரியாத் தெரியலயோ?"

"தெரியாம என்ன? பளிச்சுன்னு தெரியுது."

பளிச்சென்று தெரிகிறவள் எதற்குக் கோட்டைக் கும்பிட வேண்டும்? மெர்லினுக்கு மண்டை காய்ந்தது.

தேனியில் இருந்த அந்தக் கண் ஆஸ்பத்திரிக்குப் புது மாதிரி காண்டாக்ட் லென்ஸ் இரண்டு சோதனைக்கு வந்திருந்தன. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எட்டத்தில் இருப்பதும் கிட்டத்தில் இருப்பதும் ஒரே லென்ஸில் தெரிய வேண்டும். கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்கிற பன்னிரண்டு பெண்கள் சம்மதித்து வந்தார்கள். ஒரு லென்ஸ் பதினைந்து நாள், மற்றது பதினைந்து நாள். எது எந்த லென்ஸ் என்று போட்டுக்கொள்கிறவர்களுக்கும் தெரியாது, மெர்லினுக்கும் தெரியாது. லென்ஸை மாட்டிவிட்டு, பார்வையைச் சோதித்துத் தாளில் குறிப்பது மட்டும்தான் அவள் வேலை. சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

முதல் நாள் மூன்று வரியோடு திணறிய கருத்தம்மாள்கூடப் பதினைந்தாம் நாள் ஏழு வரியையும் படித்துவிட்டாள். மற்ற பதினோரு பேரும் அப்படியே. இரண்டாவது லென்ஸும் சளைத்ததில்லை, அதுவும் முதல் ரேங்க். பெரிய டாக்டர் ஞானசிகாமணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இன்று கடைசிச் சோதனை, கருத்தம்மாள்தான் கடைசி ஆள். சாயங்காலம் அறிக்கை போக வேண்டும். கீழே கையெழுத்து மெர்லினுடையது. அது போய்விட்டால் அடுத்ததாக இதே லென்ஸை ஆயிரம் பேருக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அதில் குமுளி மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவனும் இருப்பான். அவன் லாரியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றால் என்ன ஆவது?

கருத்தம்மாளின் குறிப்பு நோட்டைப் புரட்டினாள். எல்லா நாளும் ஒரே வாக்கியம். நல்லா தெரியுது.

மெர்லின் சத்தமில்லாமல் எழுந்து போனாள். விளக்குப் பெட்டியில் இருந்த எழுத்துத் தாளை உருவிவிட்டு, வெறும் எண்கள் அச்சடித்த தாளைச் செருகினாள்.

"இன்னொரு தடவ படிங்கக்கா. கடைசி வரி மட்டும்."

கருத்தம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ம, ட, ப, ற, ய, க."

பெட்டியில் இருந்ததோ ஏழு, நாலு, ரெண்டு.

"அக்கா, அங்கன எழுத்தே இல்ல. நம்பர்தான் இருக்கு."

கருத்தம்மாள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. "மாத்திட்டியா?" என்றாள், பிட் அடித்து மாட்டிக்கொண்டவள் மாதிரி.

மெர்லினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மனப்பாடமா? எப்ப பண்ணீங்க?"

"நீ சொட்டு மருந்து எடுக்கப் போன நேரம், கண்ணாடியப் போட்டுக் கிட்டக்கப் போயிப் பாத்துக்கிட்டேன்."

"நெசமாச் சொல்லுங்க. இப்ப எத்தன வரி தெரியுது?"

"மூணு. மூணாவதும் லேசா ஆடுது."

"கைய வெட்டிக்கிட்டு இதோடயா இத்தன நாளு இருந்தீங்க? தெரியலன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? லென்ஸு சும்மா கெடைக்குதுன்னு பொய் சொல்லுவீகளா?"

கருத்தம்மாளின் முகம் சுருங்கிப் போனது.

"பரீட்சை ஒங்களுக்கு இல்ல, லென்ஸுக்குத்தான்னு மொத நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா."

"எங்களுக்கு இல்லன்னு தெரியும் தாயி."

"பின்ன எதுக்கு?"

"வேணாம், விடு."

விடுகிற நிலைமையில் மெர்லின் இல்லை. பேனாவைத் திறந்தாள். "நீங்க சொல்லலேன்னா, ஒங்க பேருக்கு நேரா நம்ப முடியாத ஆளுன்னு எழுதப் போறேன்."

மிரட்டினால் வழிக்கு வருவாள் என்று நினைத்தாள். கருத்தம்மாளோ நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"அப்பிடியே எழுதிக்க. ஒனக்கு ஒண்ணும் வராதுல்ல?"

மெர்லினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேனா தாளில் அப்படியே நின்றது. "எனக்கா? எனக்கு என்னக்கா வரப்போகுது?"

கருத்தம்மாள் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மொத நாளு நான் மூணு வரியோட நின்னதுக்கு, ஒனக்கு லென்சு மாட்டவே தெரியலன்னு டாக்டரய்யா எங்க முன்னாடி வச்சு ஒன்னய அந்த வசவு வஞ்சாக. நீயும் மொகத்தக் கழுவிட்டு வந்து ஒண்ணும் நடக்காத மாதிரி நின்ன. எங்களால ஒரு பொம்பளப் பிள்ளைக்கு வேல போயிரக் கூடாதுன்னுதான், பன்னெண்டு பேரும் கம்பத்துல பஸ் ஏறுனா தேனியில எறங்குற மட்டும் அந்த எழுத்தையே ஒப்பிச்சுக்கிட்டு வாரோம்."