பாகு மாஸ்டரின் நாக்கு

"இனிக்குதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

பாகு மாஸ்டர் அந்த ஒற்றைத் திராட்சையை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றி மாற்றி மென்றார். முகத்தைச் சுளித்தார்.

"மண்ணு மாதிரி இருக்கும்மா."

பத்து நாளாக இதே பதில்தான். அவர் மனைவி திராட்சைக் கிண்ணத்தை மூடி வைத்தாள். அவர் வேலை பார்க்கும் பேக்கரியில் கேக்குக்கு ஊற்றும் பாகானாலும் சரி, க்ரீமானாலும் சரி, இருபத்திரண்டு வருஷமாக மாஸ்டரின் நாக்கில் படாமல் வெளியே போனதில்லை. அந்த நாக்குதான் செத்துக் கிடக்கிறது. கொன்றது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். சாட்சாத் அவளேதான்!

மாஸ்டருக்குச் சர்க்கரை வியாதி. போன மாதம் கால் சுண்டுவிரலை எடுத்தாகிவிட்டது. "நாள் முழுக்கப் பாகை நக்கிட்டு மாத்திரை போட்டா என்ன பிரயோஜனம்? அடுத்தது பாதம்தான்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ருசி பார்க்கத் தேவையில்லாத ரொட்டி அடுப்புக்கு மாற்றச் சொல்லி மாஸ்டர் முதலாளியிடம் மூன்று தடவை கெஞ்சியாயிற்று. "ஒரு சொட்டுதானேய்யா!" என்று மூன்று தடவையும் சிரித்தே மழுப்பிவிட்டார் அந்த மனுஷன்.

அவள் சும்மா இருப்பாளா? இருமலா, தூதுவளை. அஜீரணமா, ஓமம். குடியிருப்பில் அவளுக்குப் பெயரே பச்சிலை டாக்டர்தான். பால்கனித் தொட்டியில் படர்ந்திருந்த சிறுகுறிஞ்சான் இலையைப் பறித்து, அவருடைய காலைச் சுக்குத் தண்ணீரில் சேர்த்துக் கொதிக்கவைத்தாள். சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்ன ஞாபகம். அவரிடம் மூச்சு விடவில்லை. விட்டால், "உன் வைத்தியத்தை என்கிட்ட காட்டாதே" என்று குதிப்பார்.

நேற்றுதான் ஏதோ உறுத்தி, அந்த இலையைத் தானே மென்றுவிட்டு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை வாயில் போட்டுப் பார்த்தாள். வெறும் மணல்! ஒரு மணி நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியவில்லை. ஒரு இலைக்கே இப்படியென்றால், பத்து நாளாகக் குடிக்கிற நாக்கு என்னத்துக்கு ஆகும்?

இலையை நிறுத்தினால் நாக்கு பிழைத்துக்கொள்ளும். மறுபடி பாகுச் சட்டி, அப்புறம் பாதம் போகும். நிறுத்தாவிட்டால் வேலை போகும். ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. இன்று காலையிலும் இலை போட்ட தண்ணீரையே நீட்டிவிட்டாள். அவர் கிளம்பிப் போனதும், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். இருப்புக் கொள்ளவில்லை.

மத்தியானம் போன் அடித்தது. முதலாளி.

"கொஞ்சம் கடை வரைக்கும் வந்துட்டுப் போம்மா."

போய்ச் சேர்வதற்குள் செருப்பு இரண்டு தடவை கழன்றது. முதலாளி அறையில், மேஜை மேல் பாதி வெட்டின கேக் ஒன்று கிடந்தது.

"பிறந்தநாள் ஆர்டர். திருப்பிக் கொண்டுவந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க. போடவேண்டிய சர்க்கரையைப்போல ரெண்டு மடங்கு! இந்த வாரத்துல இது நாலாவது."

அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"மறைக்காமக் கேக்கறேன். எதிர்க்கடைக்காரன் ரொம்ப நாளா உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கான். அங்கே போறதுக்காக இவர் நாடகம் ஆடறாரோன்னு எனக்குச் சந்தேகம். அவர் சொன்னா நம்பமாட்டேன். நீ சொன்னா நம்புவேன். நெஜமாவே நாக்கு போயிடுச்சா?"

இலையைப் பற்றிச் சொல்லிவிடலாமா? சொன்னால் நாளைக்கே பாகுச் சட்டி முன்னால் நிறுத்திவிடுவார்.

"திராட்சைகூட மண்ணா இருக்குங்கறார் முதலாளி..." என்றாள். பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

முதலாளி பதறிப்போய்த் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். "அட, அழாதேம்மா! இத்தனை வருஷம் உழைச்ச மனுஷனை நடுத்தெருவுல விட்டுடுவேனா? நாளையிலிருந்து ரொட்டி அடுப்பைப் பாத்துக்கட்டும். சம்பளத்துல கை வைக்கமாட்டேன். நாக்கில்லாத மாஸ்டரை எவன் கொத்திக்கிட்டுப் போகப்போறான்!"

கேட்ட வரம் கிடைத்த மாதிரிதான். ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. கடை வாசலில் காத்திருந்த மாஸ்டர், விஷயத்தைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தார். தெரு திரும்பியதும் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏங்க, நான் பெரிய பாவம் பண்ணிட்டேன். உங்க சுக்குத் தண்ணியில தினமும் சிறுகுறிஞ்சான் போட்டுக் கொடுத்தேன். அதுதான் உங்க நாக்கைக் கொன்னுடுச்சு. காலைக் காப்பாத்தணும்னுதான்... என்னை என்ன வேணா திட்டுங்க."

மாஸ்டர் திட்டவில்லை. திரும்பிப் பார்த்தார். கடை கண்ணுக்குத் தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"முதல் நாள் மட்டும்தான் குடிச்சேன், கசப்பிலேயே உன் பச்சிலைன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு மணி நேரம் நாக்கு மரத்துப் போச்சு, அப்புறம் தானா சரியாயிடுச்சு. அட, கடையில பாகுச் சட்டியை விட்டுத் தப்பிக்க இதுவே போதுமேன்னு தோணுச்சு. மறுநாள்லேர்ந்து உன் தண்ணி சிங்க்குக்குத்தான்."

அவள் அவர் கையை உதறினாள். "அப்போ அந்தக் கேக்? நாக்கு? எல்லாமே நடிப்பா? என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, முதலாளி முன்னாடி உனக்கு அப்படி அழுகை வந்திருக்குமா?" என்றார் மாஸ்டர்.