காய்ச்சல் விட்ட நாள்

தூக்குக்கு நாள் குறித்த பிறகு முத்திருளனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நோயாளியைத் தூக்கில் போடக் கூடாது என்பது அந்தச் சிறையின் விதி. அதனால் ஆறு நாளாகச் சிறை மருத்துவர் எட்வின் ஊசி போட்டார். சூப்பிரண்டு தன் வீட்டிலிருந்து கஞ்சி வரவழைத்தார். ஏழாம் நாள் காலையில் முத்திருளன் மாத்திரையைத் தட்டிவிட்டான்.

“காய்ச்சல் எனக்கு. மருந்து யாருக்குய்யா?”

“வாயை மூடுடா. நீ வெட்டிப் போட்டியே ஒரு வாத்தியாரு, அவருக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டுட்டா வெட்டின?” என்றார் சூப்பிரண்டு.

“கேக்கல. ஆத்திரத்துல வெட்டினேன். பாவம்தான். ஆனா அவரை உக்கார வச்சு, கஞ்சி ஊத்தி, உடம்பைத் தேத்தி, தேதி பாத்து நான் வெட்டலய்யா.”

சூப்பிரண்டு, உடல்நலம் சரி என்று எழுதியிருந்த தாளையும் பேனாவையும் மருத்துவர் பக்கம் நகர்த்தினார். எட்வின் முத்திருளனின் நெற்றியைத் தொட்டார். குளிர்ந்திருந்தது. அவன் வாயில் தெர்மாமீட்டரை வைத்து, ஒரு நிமிடம் கழித்து எடுத்தார்.

“எவ்வளவு டாக்டர்?” என்றார் சூப்பிரண்டு.

எட்வின் அதைப் பார்க்காமலே ஓங்கி உதறினார். பாதரசம் முழுதும் இறங்கிய பிறகும் உதறிக்கொண்டே இருந்தார்.