நீர்த்த மை

கடையில் விற்கிற சாம்பல் மை அச்சுக்காரருக்கு ஆகாது. கறுப்பு மையில் நிறமில்லாக் கரைசலை விட்டு அவரே கலந்துகொள்வார். அன்று மகளின் கறுப்பு வெள்ளைப் படத்தை அச்சடித்தார். பக்கத்து அறையில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். கணினித் திரையில் அவளுக்குப் பின்னால் வெறும் சுவர்தான் தெரிந்தது. தாளிலோ, அவள் தோள்மேல் ஒரு கை இருந்தது.

"யாருங்க இது?" என்றாள் மனைவி.

"மை கெட்டியாயிருக்கு. இன்னும் கொஞ்சம் தண்ணியாக்கினா போயிடும்."

மையை நீர்க்கவைத்து மறுபடி அச்சடித்தார். மகள் மங்கினாள், கை மங்கவில்லை. அது கழுத்துக்கு ஏறியிருந்தது. மையே கலக்காமல் வெறும் கரைசலை ஊற்றி அச்சடித்தார். வெள்ளைத்தாள்தான் வந்திருக்க வேண்டும். மகள் தாளில் இல்லை. அவள் வாய் இருந்த இடத்தைப் பொத்தியபடி அந்தக் கை மட்டும் கன்னங்கரேலென்று வந்தது.

பக்கத்து அறையில் பாட்டு பாதியில் நின்றது.