ஒரு சொட்டு ஒழுகினாலும்

"எங்க தாத்தா போட்ட கூரைம்மா இது. இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு உள்ள இறங்கினதில்ல. அந்தக் குறையைத் தீர்க்கத்தானே நீ வந்திருக்க?" என்றார் ஆரின் தேயர்.

ஏணியிலிருந்து இறங்கிய ஜோலீன் சிரித்து வைத்தாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படிச் சிரித்துச் சிரித்தே அவளுக்குத் தாடை வலி கண்டிருந்தது.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் முக்கால்வாசி வீடுகளுக்குச் சிலேட்டுக்கல் ஓடுதான். மிதித்தால் உடையும், ஆணி அடித்தால் பிளக்கும், போதாததற்குச் செங்குத்தாக வேறு நிற்கும். சோலார் பேனல் மாட்டும் பெரிய கம்பெனிகள் இந்தக் கூரைகளைப் பார்த்ததும் தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பிவிடும். அப்படி ஒரு கம்பெனியை உதறிவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவள் ஜோலீன். இது அவளுடைய முதல் வீடு. ஒழுகாமல் நின்றால் ஊர்க் கூரைகள் எல்லாம் அவளைக் கூப்பிடும். ஒழுகினால் பழைய முதலாளி முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

பேனல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் ஆரினின் மனைவி லோயிஸ். ஆரினுக்கு அந்தப் பேச்சே ஆகாது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். வேலை முடிந்ததும் கூரைமேல் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். பரணில் ஒரு சொட்டு விழுந்தாலும் அத்தனையையும் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். அதோடு, சனிக்கிழமை சர்ச்சில் நடக்கும் பீன்ஸ் விருந்துக்கு ஊரே கூடியிருக்கும்போது, தன்னால் முடியவில்லை என்பதை ஜோலீன் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். எவ்வளவு தாராள மனசு பாருங்கள்.

அவளும் துணிந்து ஒப்புக்கொண்டாள். ஒவ்வோர் ஓடாக அலுங்காமல் உருவி, தண்ணீர் இறங்காதபடி மேல் ஓட்டுக்கு அடியில் செப்புத் தகட்டைச் செருகி, கூரையைத் தாங்கும் கைமரத்தில் பேனலுக்கான பிராக்கெட்டை முடுக்கி, அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். ஆரின் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வர்ணனை செய்தார். மெதுவாகச் செய்தால், கல்லைத் தடவிக்கொடுக்கிறாயா என்று கேட்டார். வேகமாகச் செய்தால், எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டார். லோயிஸ் சுட்டுக் கொடுத்த ஆப்பிள் பலகாரத்தை அவள் சாப்பிட்டபோது மட்டும், இந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்று பாராட்டினார்.

இன்றைக்குச் சோதனை. ரப்பர் குழாயைக் கூரை உச்சிவரை ஏற்றிக் கட்டியாயிற்று. சமையலறைக்குப் பின்னால் வெளியே இருக்கும் குழாயடியில் லோயிஸ் நின்றாள். ஆரினும் தானுமாகப் பரணில் நின்று பார்க்கலாம் என்றாள் ஜோலீன்.

"எதுக்கு? நீ ஈரத்தை முழங்கையால துடைச்சுட்டு, எல்லாம் காஞ்சு கிடக்குன்னு சொல்றதுக்கா?" என்று சொல்லிவிட்டு ஆரின் தனியாக ஏறிப் பரண் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜோலீன் பரணுக்குக் கீழே இருந்த அறையின் ஜன்னலைத் திறந்து, தண்ணீரைத் திறந்துவிடும்படி லோயிஸுக்குக் குரல் கொடுத்தாள். சரி என்று பதில் வந்தது. அதற்குள் அடுத்த வீட்டுக்காரர், உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளும் இயந்திரத்தை முடுக்கினார். அந்த இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை. பரண் ஏணியைப் பிடித்தபடி ஜோலீன் காத்து நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் மேலே கதவு திறந்தது.

"ஜோலீன், வரும்போது ஒரு வாளி எடுத்துட்டு வாயேன். குளிக்கிற அளவுக்கு வருது."

அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். புகைபோக்கிக்குப் பக்கத்தில், அவள் பிராக்கெட் முடுக்கிய கைமரம் நனைந்து மினுங்கியது. அதிலிருந்து கீழே பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். தண்ணீர்தான். அந்தத் தகட்டைத் தன் கையாலேயே தட்டி உட்கார வைத்தவள் அவள். எங்கே பிசகியது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அழுகை முட்டியது. இந்த மனிதர் முன்னால் மட்டும் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஜெயித்தவருக்கு வரும் கருணை ஆரினுக்கும் வந்தது. "மனசை விட்டுடாதம்மா. கழட்டுறதுலயாவது நல்ல பேர் எடு. சனிக்கிழமை நீ பேசறதைக் கேட்க எனக்கு முன் வரிசையில இடம் பிடிச்சாச்சு."

ஜோலீன் அந்த ஈர மரத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பழைய முதலாளியின் முகம் நினைவுக்கு வந்தது.

"கழட்டிடறேன், மிஸ்டர் தேயர். வாக்குன்னா வாக்குதான்," என்றாள். "முதல்ல உங்க வீட்டம்மாகிட்ட தண்ணியை நிறுத்தச் சொல்லிட்டு வரேன்."

அவள் திரும்பவும், லோயிஸ் மூச்சிரைக்க ஏணியில் ஏறி வந்து பரணுக்குள் தலையை நீட்டவும் சரியாக இருந்தது.

"எதை நிறுத்தறது? தண்ணி இன்னும் வரவே இல்லையேம்மா. குழாயைத் திருகித் திருகி என் கைதான் நோகுது. குளிருக்கு உறைஞ்சு வெடிச்சுடும்னு வருஷா வருஷம் இந்த மனுஷன்தான் நிலவறையில இந்தக் குழாயோட வால்வை மூடுவாரு, போன வாரமே மூடிட்டாருன்னு இப்பதான் ஞாபகம் வருது," என்ற லோயிஸ், கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வந்து அதைத் திறந்து விடுங்க, சோதனையை ஆரம்பிக்கட்டும். ஆமா, உங்க சட்டைக் கை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?"