நான்காம் தொட்டி

மாதிரி வீட்டின் படுக்கையறையில் மதிய வெயில் விரிப்பின்மேல் சதுரமாகக் கிடக்கிறது. பழைய பீர் ஆலையை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றியவர்கள் இந்த ஒரு செங்கல் சுவரை மட்டும் பூசாமல் விட்டிருக்கிறார்கள். அதில் வெள்ளைச் சாயத்தில் எழுதிய நான்கு என்ற எண் இன்னும் மங்கவில்லை. "அழகுக்காக விட்டிருக்கோம்மா. நாலாம் நம்பர் தொட்டி இங்கதான் இருந்துச்சாம்" என்கிறாள் வீடு காட்டும் பெண். "தெரியும்மா. என் வீட்டுக்காரர் கழுவ இறங்கின தொட்டி. இறங்கினவர் ஏறி வரல" என்கிறாள் பார்க்க வந்த அம்மாள். தொட்டியில் ஆள் இறங்குமுன் எரியும் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். அணைந்தால் விஷவாயு, யாரும் இறங்கக் கூடாது. அன்றைக்கு ஏதோ தலை போகிற அவசரமென்று மெழுகுவத்தியை விடாமலே அவரை இறக்கினார்கள். வீடு காட்டும் பெண்ணின் புன்னகை போக இடமில்லாமல் உதட்டிலேயே நிற்கிறது. கட்டிலருகே, வருகிறவர்களுக்காக ஏற்றிய வாசனை மெழுகுவத்தி எரிகிறது. அம்மாள் அதைக் கண்ணாடிக் கிண்ணத்தோடு எடுத்து, முட்டி வலிக்கக் குனிந்து, அந்த எண்ணுக்குக் கீழே தரையில் வைக்கிறாள். இருவரும் அதைப் பார்க்கிறார்கள். சுடர் ஒருமுறை சாய்ந்து நிமிர்கிறது. "எரியுதுங்க" என்கிறாள் அம்மாள், சுவரைப் பார்த்து. "இப்ப இறங்கலாம்."