நாலு நிமிஷம்

"நாலு நிமிஷம் ஆச்சு! இறக்குங்க!"

மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஸ்டாப் வாட்சைத் தூக்கிக் காட்டினாள் அவள். ரிமோட்டைப் பிடித்திருந்த கணவர் உடனே விசையைத் தணித்தார். குட்டி ஜெட் ஒரு வட்டமடித்து வழுக்கிக்கொண்டு வந்து தரையைத் தொட்டது.

பக்கத்தில் நின்ற பேட்டரி கடைக்காரன் தன் செல்போனைப் பார்த்தான்.

"அண்ணி, மூணு நிமிஷம்தான் ஆச்சு."

"உன் போனுக்கு ஆகியிருக்காது."

"நான் வித்த பேட்டரி நாலு நிமிஷம் தாங்கும் அண்ணி. நடுவுல கைவிடாது."

"ஆமா, போன வருஷம் கைவிடலையாக்கும்! சார்ஜ் தீர்ந்து தலைகுப்புற விழுந்துச்சுன்னு இவர் மூக்கு நொறுங்கின ஜெட்டைத் தூக்கிட்டு வந்தாரே. இன்னொரு தடவை விழுந்தா பரண்ல ஏத்திப் பூட்டிடுவேன்னு சொல்லிட்டேன். கடிகாரக் கடையை மூடினப்புறம் மனுஷனுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். அதான் வாட்சும் கையுமா உக்காந்திருக்கேன்."

"அந்த வாட்ச்தான் வேகமா ஓடுது."

அவளுக்குச் சுருக்கென்றது.

"இது யார் கை பட்ட வாட்ச் தெரியுமா? நாப்பது வருஷம் கடிகாரம் ரிப்பேர் பண்ணின கை. அதைப் போய்க் குத்தம் சொல்றியே!"

அவர் ஜெட்டை மார்போடு அணைத்தபடி வந்து சேர்ந்தார்.

"என்ன பஞ்சாயத்து?"

"உங்க வாட்ச் பொய் சொல்லுதாம். கேளுங்க அநியாயத்தை!"

அவர் சிரித்தார். "முதல்ல டீயை ஊத்து. அரை டம்ளர் போதும்."

"இப்பல்லாம் எதுவும் அரைதான் உங்களுக்கு" என்று ஊற்றி வைத்துவிட்டு, ஜெட்டை வாங்கிக்கொண்டு வண்டிப் பக்கம் போனாள் அவள்.

கடைக்காரன் ஜெட்டிலிருந்து முன்பே கழற்றியிருந்த பேட்டரியை மீட்டரில் மாட்டினான்.

"பாருங்கண்ணே, நாப்பது சதவீதம் மிச்சம். இன்னும் ஒரு நிமிஷம் தாராளமா பறக்கலாம். தப்பா நினைச்சுக்காதீங்க, வாட்ச்ல ஸ்பிரிங் கெட்டிருக்கு. வயசாச்சு, உங்க கண்ணுக்குத் தப்பியிருக்கும். குடுங்க, வேற யார்கிட்டயாவது காட்டிச் சரிபண்ணிட்டு வரேன்."

அவர் டம்ளரை எடுத்தார். அரை டம்ளர் டீ விளிம்புவரை தளும்பியது. மற்ற கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஸ்பிரிங் கெடல தம்பி. நான்தான் மாத்தி வச்சேன்." வண்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அன்னிக்கும் சார்ஜ் தீரல. மூணு நிமிஷத்துக்கு மேல கை நிக்க மாட்டேங்குது. கையைச் சரிபண்ணத் தெரியல, வாட்சைச் சரிபண்ணிட்டேன்."