ஒரு வீடுகூட பாக்கியில்லை

ஞானதுரையை இன்றைக்குத் தப்பவிடுவதில்லை என்ற முடிவோடு, லோடு ஆட்டோவுக்குப் பின்னால் குத்தவைத்துக் காத்திருந்தார் காளிராஜ். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வலது கை சட்டைக்குள் எதையோ இறுகப் பிடித்திருந்தது.

எதிர்வீட்டுக் கேட் திறந்து பைக் வெளியே வந்ததும் பாய்ந்து போய்க் குறுக்கே நின்றார். ஞானதுரை போட்ட பிரேக்கில் பைக் வழுக்கி, காளிராஜின் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. காளிராஜ் கையை வெளியே எடுத்தார். ஒரு நோட்டீஸும் பேனாவும்!

"கையெழுத்துப் போடும் வே!"

"ஏன் வே, மனுசன் உசுரோட கடைக்குப் போகவேண்டாமா?"

"போட்டுட்டுப் போரும். இன்னைக்கு விட்டா உம்மைப் பிடிக்க முடியாது."

சங்கரன்கோவில் ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்த அந்தக் காலனியின் நலச் சங்கத்துக்குக் காளிராஜ்தான் செயலாளர். பட்ஜெட் கூட்டம் என்றால் பதினைந்து நாளுக்கு முன்பே வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவர் கையிலும் நோட்டீஸ் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். ஒரு வீடு விடுபட்டாலும் கூட்டம் செல்லாது.

போன வருசம் "எனக்கு வரல" என்று ஒற்றை ஆளாக எழுந்து நின்றே கூட்டத்தைக் கலைத்துவிட்டார் ஞானதுரை. பட்ஜெட்டே தெருவில் கழிவுநீர் ஓட வாறுகால் கட்டத்தான். கட்டினால் அவர் வீட்டு வாசலில் போட்ட சாய்தளத்தை இடிக்க வேண்டிவரும். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு. இந்த வருசமும் ஒரு வாரமாகப் போனை அணைத்துவிட்டு ஓடி ஒளிந்தவர், வேறு வழியில்லாமல் பெட்ரோல் டேங்க் மீது வைத்துக் கையெழுத்தைக் கிறுக்கினார்.

வெற்றியோடு வீட்டுக்குள் நுழைந்த காளிராஜால் நாற்காலியில் உட்காரும்வரை பேச முடியவில்லை. மூச்சு அப்படி வாங்கியது. மனைவி யோகலட்சுமி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"நெஞ்சுல அடைப்பு இருக்கு, உடனே திருநேலி ஆஸ்பத்திரில வந்து சேருங்கன்னு டாக்டர் சொல்லி எம்புட்டு நாளாச்சு? இப்பிடியா ஓடுவாக?"

"கூட்டம் முடியட்டும்ட்டி."

"முடிஞ்சதும் போவோமா?"

"வாறுகால் வேலைய யாரு பாக்க? பக்கத்துல நிக்கலைன்னா சிமெண்டுக்குப் பதிலா மண்ணைப் போட்டு மூடிருவான். அதுவும் முடியட்டும்."

"டீச்சர் வேலை பாத்து லோனை அடைச்சேன். இந்த வீட்டுல ஒருநாளாவது நிம்மதியா உக்கார விடுதீயளா? அந்தப் பதவிய விட்டுத் தொலைங்களேன்!"

"மாட்டேன். போன வருசம் பட்ட அவமானம் ஒனக்குத் தெரியாது. வாறுகாலைக் கட்டாம நான் எறங்கமாட்டேன்."

யோகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எல்லா வீட்டுக்கும் குடுத்தாச்சா?" என்றாள்.

"ஒரு வீடுகூட பாக்கியில்லை! இருந்தா அன்னைக்கே பதவிய விட்டுருதேன்!"

"சரி" என்று செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கூட்டத்தன்று பிள்ளையார் கோவிலை ஒட்டிய தகரக் கொட்டகை நிரம்பிவிட்டது. தலைவர் ஆஷிக் அலி பட்ஜெட்டை வாசித்து முடிப்பதற்குள் ஞானதுரை எழுந்தார்.

"எல்லா வீட்டுக்கும் நோட்டீஸ் குடுத்தீரா வே? நல்லா யோசிச்சுச் சொல்லும்!"

காளிராஜுக்குச் சுரீரென்றது. மைக்கைப் பிடுங்கினார்.

"ஒரு வீடு விட்டுப்போச்சுன்னு எவனாவது சொல்லட்டும். செயலாளர் பதவிய இங்கனயே, இப்பவே விட்டுருதேன்!"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞானதுரை நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். ஆதரவாக ஒருவரும் எழவில்லை. தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்போ பட்ஜெட்டுக்குச் சம்மதம்னா கை தூக்குங்க" என்றார் ஆஷிக் அலி.

பின்வரிசையில் ஒரு கை முந்திக்கொண்டு எழுந்தது. யோகலட்சுமி! மடியில் ஒரு கட்டைப்பையை வைத்திருந்தாள். நம் வீட்டு ஆதரவுதான் முதல் ஆதரவு என்று காளிராஜுக்கு மனசு குளிர்ந்துபோனது.

அவள் எழுந்து நின்றாள்.

"எனக்கு நோட்டீஸ் வரல."

கூட்டம் குபீரென்று சிரித்தது. காளிராஜும் சிரித்தார். "ஏட்டி, வெளையாடாத, உக்காரு. நம்ம வீட்டுக்கு நானே நோட்டீஸ் குடுப்பனா?"

ஆஷிக் அலி மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, வீடு யாரு பேருல இருக்கு?"

காளிராஜ் மைக்கைக் கீழே இறக்கினார். "அவ... அவ பேருலதான்."

"அப்போ கூட்டம் செல்லாது. வேற தேதிதான் போடணும்" என்று தாளை மடித்தார் ஆஷிக் அலி.

"பதவி என்னாச்சு வே?" என்று துள்ளி எழுந்தார் ஞானதுரை.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சொன்ன சொல்லை விழுங்க முடியாது. சங்கத்து ரப்பர் ஸ்டாம்பைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார் காளிராஜ். கட்டின மனைவியே இப்படிச் செய்துவிட்டாளே என்று நெஞ்சு கொதித்தது.

"ஞானதுரைகூடச் சேந்துக்கிட்டு என்னைக் கவுத்திட்டியேட்டி! ஒனக்கு நான் என்னட்டி கொறை வச்சேன்?"

யோகலட்சுமி முன்னால் வந்து கட்டைப்பையை ஸ்டாம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே அவர் இடுப்பில் கட்டும் சாரம், துண்டு, பிளாஸ்க், மேலாக டாக்டர் கொடுத்த ஸ்கேன் கவர். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதவிதான் போயிட்டுல்லா? வாங்க, திருநேலி பஸ்ஸு வந்துரும்."